ஆறு பேர் பின்னிய கோடுகள் ஏன் ஒன்றோடொன்று சேரவில்லை?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். வெள்ளவத்தையில் ஒரே தொடர்மாடியில் இருக்கும் ஆறு பேர் சனிக்கிழமை பின்னேரங்களில் கூடி நிட்டிங் செய்கிறீர்கள். ஆளுக்கொரு துண்டாக, ஐந்து நிறத்தில் கோடு போட்டுப் பின்னி, அவற்றைச் சேர்த்துத் தைத்து ஒரு சோபா விரிப்பு செய்தீர்கள். எல்லோருக்கும் ஒரே நூல், ஒரே 4 மி.மீ. ஊசி, ஒரே 40 கண்ணி, அதாவது ஊசியில் ஏற்றும் 40 நூல் வளையம். அப்படியிருந்தும் துண்டுகள் ஒரே அகலத்தில் வரவில்லை. ஒரு துண்டின் கோடு பக்கத்துத் துண்டின் கோட்டோடு சேரவில்லை. ஓரங்கள் நெளிகின்றன. முதல் தடவை தோய்த்ததிலேயே சிவப்பு இறங்கி வெள்ளைக் கோடுகள் ரோசா நிறமாகிவிட்டன. நூலை மாற்றுவதா, ஊசியை மாற்றுவதா, கொழும்பு வெக்கைக்கு இந்த வேலையே பொருந்தாதா என்று கேட்டிருக்கிறீர்கள். வாசித்துக்கொண்டு போகையில், நீங்கள் கேட்கத் தயங்கிய ஒரு கேள்வியும் அதற்குள் இருப்பதாக எனக்குப் பட்டது: ஆறு பேரில் யாருடைய கை சரியில்லை? முதலில் அதற்கே பதில் சொல்லிவிடுகிறேன். யாருடைய கையிலும் பிழையில்லை. ஆறு கையும் ஒரேமாதிரிப் பின்னும் என்று நம்பிப் போட்ட திட்டத்தில்தான் பிழை.

நான் பாடசாலையில் பல வருடங்கள் மனையியலும் கைவேலையும் படிப்பித்தவள். ஓய்வு பெற்ற பிறகு தெஹிவளையில் அயல்வீட்டுப் பெண்களோடு சேர்ந்து இதையே செய்துகொண்டிருக்கிறேன். ஒரு வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே நூலையும் ஒரே ஊசியையும் கொடுத்து, ஒரே எண்ணிக்கையில் கண்ணி ஏற்றிப் பின்னச் சொல்லிப் பாருங்கள். எத்தனை பிள்ளைகளோ அத்தனை அகலம் வரும். கை இறுக்கம் கையெழுத்தைப் போல ஆளுக்காள் வேறு. நூலை விரலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடிப்பவருக்குக் கண்ணி தளர்வாக விழும், இரண்டு சுற்றுச் சுற்றுபவருக்கு இறுகும். ஊசியின் கூரிய நுனியிலேயே கண்ணியை எடுத்து விடுபவருக்குச் சின்னக் கண்ணி. உருண்டையான பகுதி வரைக்கும் தள்ளி எடுப்பவருக்குப் பெரிய கண்ணி. அதே ஆள் காலையில் அமைதியாக இருந்து பின்னும்போது ஒருவிதம், இரவு நாடகம் பார்த்துக்கொண்டு பின்னும்போது இன்னொரு விதம். இதைத் திருத்த வேண்டிய குறையாக நான் எந்தப் பிள்ளைக்கும் சொன்னதில்லை, உங்களுக்கும் சொல்லப்போவதில்லை.

கணக்கைப் பாருங்கள். ஒருவருக்கு 10 செ.மீ. அகலத்தில் 20 கண்ணி வருகிறது, மற்றவருக்கு 22 வருகிறது என்று வையுங்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால்கூட இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 40 கண்ணியில் முதலாமவரின் துண்டு 20 செ.மீ., இரண்டாமவரின் துண்டு 18 செ.மீ.க்குச் சற்று மேல். கிட்டத்தட்ட இரண்டு செ.மீ. போய்விட்டது. இதற்கு மருந்து ஊசிதான். எல்லோரும் ஒரே 4 மி.மீ. ஊசியில் பின்ன வேண்டும் என்ற விதியை விட்டுவிடுங்கள். ஒவ்வொருவரும் 30 கண்ணி ஏற்றி ஒரு சாண் நீளத்துக்கு மாதிரித் துண்டு பின்னி, அதை நனைத்துக் காயவைத்து, பிறகு நடுவில் 10 செ.மீ. அளந்து கண்ணியை எண்ணுங்கள். கூடுதலாக வந்தவர் 4.5க்குப் போகலாம், குறைவாக வந்தவர் 3.5க்கு இறங்கலாம். கையை இறுக்கியோ தளர்த்தியோ சரிப்படுத்தப் பார்க்க வேண்டாம். பத்து வரிசைக்கு அந்த நினைப்பு இருக்கும், அப்புறம் கதை சூடு பிடித்ததும் கை பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடும். நனைக்காமல் அளப்பதும் வீண் வேலை. பருத்தி நூல் தண்ணீர் பட்டபின் உருவம் மாறும். உங்கள் விரிப்பு தோய்த்தபின்தான் அதிகமாகக் கோணியது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அகலத்தை இப்படிச் சரிக்கட்டலாம். உயரத்தைச் சரிக்கட்டுவதுதான் கஷ்டம், கோடுகள் சேராமல் போவதும் அங்கேதான். ஒருவருக்கு 10 செ.மீ. உயரத்துக்கு 26 வரிசை போதும், இன்னொருவருக்கு 30 தேவை. இருவரும் சொல்லிவைத்ததுபோல் 60 வரிசை பின்னினால் ஒருவரின் துண்டு 23 செ.மீ., மற்றவரின் துண்டு 20 செ.மீ. ஊசியை மாற்றி அகலத்தைப் பொருத்தினாலும் உயரம் கூடவே பொருந்தும் என்று சொல்ல முடியாது. சிலருக்குப் பொருந்தும், பலருக்குப் பொருந்தாது. ஆகவே வரிசையை எண்ணிக் கோடு போடுகிற திட்டத்தில், இரண்டு பேரின் கோடுகள் தையலில் நேருக்கு நேர் சந்திக்க வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். என் வழி எப்போதும் ஒன்றுதான்: ஒரு துண்டு முழுவதும் ஒருவர் கையில், பக்கத்துத் துண்டின் கோடு வேண்டுமென்றே வேறு ஒழுங்கில். ஒருவர் அகலக் கோடு, பக்கத்தில் இருப்பவர் ஒடுக்கமான கோடு, அடுத்தவர் ஒரே நிறத்துக்குள் ஒற்றைக் கோடு. அப்போது சேராத கோடுகள் திட்டத்தின் பகுதியாகிவிடும், பார்க்கிறவருக்கும் வடிவாக இருக்கும். அரை செ.மீ. விலகி நிற்கும் கோடுதான் கண்ணை உறுத்தும். ஐந்து செ.மீ. விலகினால் யாரும் அதைப் பிழையென்று எண்ணுவதில்லை.

சில குழுக்கள் ஒரே ஊசியைக் கைமாற்றி, ஆளுக்கொரு கோடாக ஒரே விரிப்பைப் பின்னுகின்றன. கேட்க இனிமையாக இருக்கும், எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. இறுக்கமான கையின் கோட்டில் துண்டு இடுப்புப் போல உள்வாங்கும், தளர்வான கையின் கோட்டில் வெளியே தள்ளும். ஒரு நண்பிக்குக் கல்யாணப் பரிசாக, எல்லோருடைய கையும் பட வேண்டும் என்பதற்காகச் செய்தால் சரி. கடைசியில் ஒரே ஆள் நான்கு பக்கமும் கரை பின்னிவிட்டால் நெளிவு ஓரளவு அடங்கும்.

இனி ஓரங்களுக்கு வருவோம். நீங்கள் படம் போடவில்லை, எழுதியதை வைத்துத்தான் சொல்கிறேன். ஒரு பக்க ஓரம் இழுபட்டுச் சுருங்கி மறுபக்க ஓரம் தளர்ந்து கிடந்தால், நூலைப் பக்கவாட்டில் மேலே கொண்டுபோகும்போது இறுக்கிவிட்டீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன். இரண்டு பக்கமும் ஒரேமாதிரி நெளிந்தால் கை இறுக்கம் கோட்டுக்குக் கோடு மாறியிருக்கிறது. இரண்டு பக்கமும் உட்பக்கமாகச் சுருண்டால் அது யாருடைய பிழையும் அல்ல, ஸ்டாக்கினெட்டின் இயல்பு. ஒரு வரிசை நிட் (நூல் ஊசிக்குப் பின்னால் நிற்க எடுக்கும் கண்ணி), ஒரு வரிசை பர்ள் (நூல் முன்னால் நிற்க எடுக்கும் கண்ணி) என்று பின்னினால் துணி கட்டாயம் சுருளும், அயர்ன் பண்ணினாலும் மறுபடி சுருளும். விரிப்புக்கும் மப்ளருக்கும் கார்ட்டரில், அதாவது எல்லா வரிசையும் நிட் போட்டுப் பின்னுங்கள். தட்டையாகக் கிடக்கும், இரண்டு பக்கமும் பார்க்கலாம்.

கார்ட்டரில் கோடு போட ஒரே விதியைப் பிடித்துக்கொண்டால் போதும்: நிறத்தை எப்போதும் ஒரே பக்கத்தில் மாற்றுங்கள், ஒவ்வொரு நிறத்துக்கும் இரட்டைப்படை வரிசை கொடுங்கள். இரண்டு வரிசை பின்னினால் நூல் புறப்பட்ட ஓரத்துக்கே திரும்பி வந்துவிடும். அடுத்த நிறம் அங்கேயே காத்திருக்கும். ஒற்றைப்படை வரிசை போட்டால் ஒரு நூல் இந்தக் கரையிலும் மற்றது அந்தக் கரையிலும் நின்றுகொண்டு, வரிசைக்கு வரிசை வெட்ட வேண்டியதாகும். இரண்டு நுனியும் வயரால் இணைந்த வட்ட ஊசி வைத்திருப்பவர் மறுகரையிலிருந்து பின்னிச் சமாளிக்கலாம், தொடங்குபவர்களுக்கு அது வேண்டாம். நிறம் மாறும் இடத்தைக் கிட்ட வைத்துப் பாருங்கள்: நல்ல பக்கத்தில் நூல் வெட்டியதுபோல ஒரு நேர்கோடு தெரியும், பின்பக்கத்தில் இரண்டு நிறமும் புள்ளி புள்ளியாகக் கலந்து நிற்கும். நடுவில் மறந்து பின்பக்கத்தில் நிறம் மாற்றினால் அந்தப் புள்ளிக்கோடு முன்பக்கம் வந்துவிடும், பிரித்துத்தான் திருத்த முடியும். அதனால்தான் முதல் பத்து வரிசைக்குள் நல்ல பக்கத்தில் ஒரு சேஃப்டி பின்னைக் குத்திவைக்கச் சொல்வேன். ரிப்பில், அதாவது ஒரே வரிசைக்குள் நிட்டும் பர்ளும் மாறி மாறிப் பின்னுகிறீர்கள் என்றால், புது நிறத்தின் முதல் வரிசையை மட்டும் முழுவதும் நிட்டாகப் போடுங்கள், இரண்டாம் வரிசையிலிருந்து ரிப்புக்குத் திரும்புங்கள். பர்ள் விழ வேண்டிய இடங்களில் பழைய நிறம் பல்லைக் காட்டாது.

காத்திருக்கும் நூலை இரண்டு வரிசைக்கொரு தடவை ஓரத்தில் பின்னும் நூலோடு ஒரு முறுக்கு முறுக்கி மேலே கொண்டுபோங்கள். அப்போது ஓரத்தைக் கொஞ்சம் இழுத்து நீட்டிப் பார்த்து, நீட்டின அளவுக்கு நூலை விடுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே ஓரம் சுருங்குவது நின்றுவிடும். மூன்று நிறத்துக்கு மேல் ஓரத்தில் கொண்டுபோனால் அந்தக் கரை கயிறு போலத் தடித்துவிடும். ஒரு கோடு ஆறு வரிசைக்கு மேல் அகலமென்றால் நான் நூலை வெட்டிவிடுவேன், இது அவரவர் விருப்பம். வெட்டும்போது 15 செ.மீ. வால் விடுங்கள். முடிச்சுப் போடாதீர்கள், முடிச்சு தோய்க்கத் தோய்க்கப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் வந்துவிடும். மழுங்கிய ஊசியில் வாலைக் கோத்து, அதே நிற மேட்டுக்குள் (கார்ட்டரில் இரண்டு வரிசை சேர்ந்து எழும் வரம்பு) நாலைந்து கண்ணி போய், திரும்பி எதிர்த்திசையில் நாலைந்து கண்ணி வாருங்கள். பருத்தி வழுக்கும், ஆகவே திரும்பி வரும்போது நூலின் இழைகளைப் பிளந்து குத்துங்கள். கோடு போடுகிற வேலையில் பாதிப் பொறுமை இந்த வால்களுக்குத்தான் போகும். கடைசிக்கென்று சேர்த்து வைக்காமல் ஒவ்வொரு சனிக்கிழமையும் அன்றன்றைய வால்களை ஒளித்துவிட்டு வீட்டுக்குப் போவது என்று குழுவில் ஒரு வழக்கம் வையுங்கள்.

தொப்பி, போத்தல் உறை போன்றவற்றை வட்டமாகப் பின்னும்போது இன்னொரு தொல்லை வரும். வட்டம் என்று சொன்னாலும் பின்னல் சுருளாகத்தான் ஏறுகிறது, அதனால் நிறம் மாறும் இடத்தில் கோடு ஒரு படி ஏறி நிற்கும். புது நிறத்தில் ஒரு சுற்று முழுக்கப் பின்னுங்கள். இரண்டாம் சுற்றின் முதல் கண்ணிக்கு வந்ததும், அதற்கு நேர் கீழே இருக்கும் பழைய நிறக் கண்ணியின் வலது காலை ஊசி நுனியால் தூக்கி இடது ஊசியில் போட்டு, அதையும் முதல் கண்ணியையும் சேர்த்து ஒன்றாக நிட் போடுங்கள். படி மறைந்துவிடும். முற்றாக மறையும் என்று சொல்லமாட்டேன், தேடிப் பார்ப்பவருக்கு ஒரு சிறு நெளிவு தெரியும். ஒரே ஒரு சுற்றுக்கு மட்டும் போடும் மெல்லிய கோட்டில் இந்த வித்தை பலிக்காது.

சிவப்பு இறங்கியதைப் பற்றி. வினிகரிலோ உப்புத் தண்ணீரிலோ ஊறவைத்தால் சாயம் நிலைத்துவிடும் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். வினிகரின் அமிலம் கம்பளி, பட்டு, நைலோன் ஆகியவற்றுக்குப் போடும் ஒருவகைச் சாயத்துக்குத்தான் உதவும். ஏற்கெனவே சாயமிட்டு விற்கும் பருத்தி நூலில் வினிகரும் நிற்கவைக்காது, உப்பும் நிற்கவைக்காது. வாங்கிய அன்றே சோதிப்பதுதான் வழி. சிவப்பு, கருநீலம், கறுப்பு, கடும் பச்சை ஆகிய நூல்களில் ஒரு முழம் வெட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி, இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரத் தூளோடு அரைமணி நேரம் வைத்துப் பாருங்கள். துணியில் கறை பட்டால் அந்த நூலைக் கட்டாக அவிழ்த்து, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, தண்ணீர் தெளியும் வரைக்கும் அலசுங்கள். தெளியவே இல்லையென்றால் அதை வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்; மெரூன், ஊதா, நீலம் என்று கடும் நிறங்களின் நடுவில் வைத்தால் இறங்கினாலும் தெரியாது. தோய்த்த விரிப்பை ஈரத்தோடு மடித்து வைப்பதும் சாயம் ஏற ஒரு காரணம். இங்கே காற்றில் ஈரம் அதிகம், பருத்தி காய நேரமெடுக்கும். துவாயில் சுருட்டிப் பிழிந்து, தட்டையாக விரித்து, மின்விசிறியின் கீழ் காயவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நனைந்த பருத்தி தன் பாரத்திலேயே நீண்டுவிடும்.

நூலுக்கு வருவோம். கொழும்பில் பின்னுகிறவர்கள் பெரும்பாலும் புறக்கோட்டையில்தான் வாங்குகிறோம், கெய்சர் வீதியிலும் அதை ஒட்டிய குறுக்குத் தெருக்களிலும் ஏறி இறங்கி. அங்கே சுற்றுத்தாள் இல்லாத நூலும் கிடைக்கும், பருத்தியென்று சொல்லிக் கலப்பு நூலும் கிடைக்கும். சந்தேகமென்றால் ஒரு சிறு துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி எரியும் மணத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலாக உதிரும். கம்பளி தலைமயிர் கருகும் மணம் தரும், நெருப்பை எடுத்ததும் தானாக அணைய முயலும். அக்ரிலிக் உருகி, கடும் நெடியோடு கறுத்த கட்டியாக இறுகும். கலப்பு நூலில் இந்தச் சோதனை குழப்பும், இரண்டு அடையாளமும் கலந்து வரும். சுற்றுத்தாள் இருந்தால், ஒரே தடவையில் சாயமிட்ட நூல்களைக் காட்டும் சாயத் தொகுதி எண்ணையும் பாருங்கள். ஒரே நிறம்போலத் தெரியும் இரண்டு தொகுதிகள் பக்கத்தில் பின்னியதும் காட்டிக்கொடுத்துவிடும். ஆறு பேருக்கும் வேண்டியதை ஒரே நாளில், ஒரே ஆள் வாங்குவது நல்லது.

வெக்கைக்கு நிட்டிங் பொருந்துமா என்றால், பின்னும் பொருளைப் பொறுத்தது. மடியில் பெரிய கம்பளிப் போர்வையை வைத்துக்கொண்டு ஏப்ரலில் பின்ன யாராலும் முடியாது. சின்னச் சின்னத் துண்டாகப் பின்னிச் சேர்ப்பதே இங்கே வசதி, அந்த விஷயத்தில் உங்கள் யோசனை சரியானதுதான். வீட்டுக்கு என்றால் பருத்தி. பளபளக்கும் மெர்சரைஸ்டு பருத்தி, 1844இல் ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த காரச் சோடா முறையிலிருந்து வளர்ந்தது. நிறம் எடுப்பாக நிற்கும், மயிர் எழும்பாது, கோடு கூர்மையாகத் தெரியும். மங்கலான சாதாரணப் பருத்தி தண்ணீரை நன்றாக உறிஞ்சும், பாத்திரம் துடைக்கவும் கப்புக்கு அடியில் வைக்கவும் அதுதான் நல்லது. சூடான சட்டி தூக்கும் துணியை அக்ரிலிக்கில் ஒருபோதும் பின்னாதீர்கள், உருகிக் கையோடு ஒட்டும். இதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. பருத்தியில் இரட்டை மடிப்பாகப் பின்னுங்கள். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் மருமக்களுக்கு மப்ளரும் தொப்பியும் அனுப்புவதென்றால் அக்ரிலிக் பரவாயில்லை, சலவை இயந்திரத்தில் போடலாம். அயர்ன் மட்டும் படக்கூடாது, பட்டால் துவண்டு போய்விடும், பழைய நிலைக்கு வராது. குளிரூட்டிய அலுவலகத்தில் இருப்பவருக்கு மெல்லிய பருத்திச் சால்வை பின்னிக் கொடுங்கள், தினமும் பாவிப்பார். குஷன் உறையை உள்ளே வைக்கும் திண்டைவிட இரண்டு செ.மீ. சின்னதாகப் பின்னுங்கள், 40 செ.மீ. திண்டுக்கு 38. பின்னல் இழுபட்டு நிற்கும்போதுதான் கோடுகள் நேராக இருக்கும். பைக்கு உட்துணி கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு தேங்காயைப் போட்டதும் முழங்கால் வரைக்கும் நீளும்.

நிறத் தெரிவில் விதி சொல்ல எனக்கு விருப்பமில்லை, நான் எங்கே பார்த்துப் படித்தேன் என்று சொல்கிறேன். காலி வீதியில் பெயர்ஃபுட் கடைக்குள் ஒரு தடவை போய், நெசவுத் துணிகளின் முன்னால் நின்று பாருங்கள். பாபரா சன்சோனி 1960களில் தொடங்கிய நிறுவனம் அது. 2022இல் அவர் காலமாகும்போது அந்தக் கோடுகளைக் கண்டதும் இன்னாரது என்று அடையாளம் சொல்லும் அளவுக்கு இந்த நாட்டில் அவை பழகியிருந்தன. செம்மஞ்சளுக்குப் பக்கத்தில் ரோசா, அதற்குப் பக்கத்தில் ஒரு நூல் அகலத்தில் பச்சை. சேராது என்று நாம் நினைக்கும் நிறங்கள் அகலம் மாறும்போது சேர்ந்துகொள்கின்றன. எனக்கு அதைவிட நெருக்கம் நம்முடைய பனையோலைப் பெட்டிகள். சாயமிடாத ஓலையின் வெளிர் நிறம் பெரும்பகுதி, அதற்குள் ஊதாவும் பச்சையும் கடும் ரோசாவும் ஒவ்வொரு ஓலை அகலத்துக்கு. அந்த வெளிர் நிறம்தான் மற்றவற்றைத் தாங்கிப் பிடிக்கிறது. மருதமுனையில் நெய்யும் சாரங்களின் கரையையும் கவனியுங்கள், ஒடுக்கக் கோடு அகலக் கோட்டுக்குத் தொட்டடுத்து வரும் விதத்தை. ஐந்து நிறத்துக்கும் சம அகலம் கொடுப்பதுதான் தொடங்குபவர்கள் எல்லோரும் செய்வது. அப்படிச் செய்தால் எந்த நிறமும் தனித்துத் தெரியாது. ஒரு நிறத்துக்குப் பாதி இடத்தைக் கொடுங்கள், மற்றதை மற்றவை பங்கு போடட்டும். நூலுருண்டைகளை வரிசையாக வைத்துக் கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். படத்தில் இரண்டு உருண்டை ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால், அவற்றைப் பக்கத்தில் போட்டால் தூரத்திலிருந்து கோடு தெரியாது.

இனி, ஆறு பேராக இருப்பதைக் குறையாக்காமல் பயனாக்கும் ஒரு வேலையைச் சொல்கிறேன். வெளிநாடுகளில் தினசரி வெப்பநிலைக்கு ஒரு நிறம் என்று வருடம் முழுக்கப் போர்வை பின்னுவார்கள். கொழும்பில் அதைச் செய்தால் ஜனவரியிலிருந்து டிசம்பர் வரைக்கும் ஒரே நிறம்தான் வரும், இங்கே மாதச் சராசரி 27, 28 பாகையை விட்டு அசைவதில்லை. ஜெர்மனியில் மியூனிக் பக்கத்தில் ஒரு பெண் 2018இல் தினமும் தான் ஏறும் ரயில் பிந்துவதைக் கணக்கில் வைத்து மப்ளர் பின்னினார்: ஐந்து நிமிடத்துக்குள் என்றால் சாம்பல், அரைமணி வரை ரோசா, அதற்கு மேல் சிவப்பு, நாளுக்கு இரண்டு வரிசை. அது ஏலத்தில் 7,550 யூரோவுக்குப் போனது; பணம் ரயில் நிலையங்களில் வசதியற்றவர்களுக்கு உதவும் ஓர் அறநிலையத்துக்குக் கொடுக்கப்பட்டது. நமக்கு மாறுவது மழை. வளிமண்டலவியல் திணைக்களம் தினசரி மழைவீழ்ச்சியை வெளியிடுகிறது. மழையில்லாத நாளுக்கு மணல் நிறம், 10 மி.மீ. வரை இளநீலம், 50 வரை நடுநீலம், 100 வரை கருநீலம், 100க்கு மேல் என்றால் சிவப்பு. ஆறு பேர், ஆளுக்கு இரண்டு மாதம். டபுள் நிட்டிங் (DK) என்ற நடுத்தரத் தடிப்பில் பருத்தி நூல், கார்ட்டர், நாளுக்கு இரண்டு வரிசை, அதாவது ஒரு மேடு. இந்தத் தடிப்பில் 10 செ.மீ.க்கு 20 கண்ணியும் 20 மேடும் வருமாறு ஊசியைத் தெரிந்தெடுத்தால், 60 கண்ணி 30 செ.மீ. அகலம், இரண்டு மாதம் 30 செ.மீ. உயரம். ஜனவரி, பெப்ரவரிக்காரிக்கு 59 மேடு, ஜூலை, ஓகஸ்ட்காரிக்கு 62, மற்றவர்களுக்கு 61. துண்டுக்கு 60, 70 கிராம் நூல் போகும். இரண்டுக்கு மூன்றாக அடுக்கினால் 60க்கு 90 செ.மீ. விரிப்பு. மேடுகளின் சிறு வித்தியாசத்தைக் காயவைக்கும்போது ஊசி குத்தி இழுத்துச் சரிபண்ணலாம், கரையும் மிச்சத்தை வாங்கிக்கொள்ளும். ஜனவரித் துண்டு மணலாகவே கிடக்கும், மே மாதத்திலும் ஒக்டோபர், நவம்பரிலும் நீலம் நெருங்கி வரும். எந்தத் துண்டின் கோடும் பக்கத்துத் துண்டோடு சேராது, சேர வேண்டியதும் இல்லை. கடந்த வருடக் கணக்கை எடுத்துக்கொண்டால் ஒரு வருடம் காத்திருக்கவும் தேவையில்லை.

கூடிப் பின்னும்போது கதைக்கத்தான் செய்வோம், அதற்குத்தானே கூடுகிறோம். எண்ண வேண்டிய வேலை, வட்டத்தில் படி மறைப்பது, கண்ணி ஏற்றுவது, மூடுவது எல்லாவற்றையும் வீட்டில் தனியாக இருக்கும்போது செய்யுங்கள். சனிக்கிழமைக்குக் கார்ட்டரை மட்டும் கொண்டுவாருங்கள். கண்ணி மூடும்போது எல்லோரும் ஓர் அளவு பெரிய ஊசிக்குப் போங்கள், மேல் ஓரம் இறுகாது.

இப்போது உங்களிடம் இருக்கும் விரிப்பு. அது இன்னும் ஈரமாகவோ தோய்த்து ஓரிரு நாளாகவோ இருந்தால், வெயிலில் போடாமல், அயர்ன் பண்ணாமல், நிறையக் குளிர்ந்த தண்ணீரில் சவர்க்காரத் தூளோடு மறுபடி அலசிப் பாருங்கள். கொஞ்சம் போகும், முழுவதும் போகும் என்று நம்பவைக்க மாட்டேன். பிறகு தையலை மட்டும் பிரியுங்கள், பின்னலைப் பிரிக்க வேண்டாம். ஒவ்வொரு துண்டையும் நனைத்து, துவாயின் மேல் நேராகக் குத்திக் காயவைத்து, பின்பக்கத்துக்குச் சாதாரணத் துணி வைத்துத் தைத்தால் ஆறு சிறிய குஷன் உறைகள். ரோசாவாகிப்போன வெள்ளைக் கோடு சிவப்புக்குப் பக்கத்தில் அவ்வளவு மோசமாக இராது. யாருடைய துண்டு 18 செ.மீ., யாருடையது 20 என்பதற்கேற்பப் பஞ்சை வெட்டி அடைத்தால் போதும்.